டெமோவுக்கு 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம் பள்ளி ஆசிரியர். சொந்தமாக வரி எழுதி மெட்டமைத்த பதினொரு பாடல்களைக் கைபேசியில் பாடி வைத்திருக்கிறேன். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. சென்னையில் ஓர் அரேஞ்சர், அதாவது மெட்டுக்கு வாத்திய இசை சேர்த்துத் தருகிறவர், டெமோ செய்யப் பாட்டுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். லைவ் புல்லாங்குழல், இரண்டு இடையிசை, பாடகர் எல்லாம் அதில் சேர்த்தி என்கிறார். என்னிடம் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கொடுக்கலாமா? வீட்டிலேயே பதிவு செய்தால் போதாதா? மெட்டை யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

45,000 அதிகமா நியாயமா என்று இப்போதே சொல்ல முடியாது. அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்பதில் பாதியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவரும் பாதியைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கையிலிருக்கும் பணத்தில் மூன்று பாட்டு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். சாலிகிராமம், வடபழனி பக்கம் வீட்டு மாடிகளில் இயங்கும் சின்ன ஸ்டுடியோக்களில் இருபது வருடத்துக்கு மேல் கீபோர்டு புரோகிராமிங்கும் (கீபோர்டிலும் கணினியிலும் வாத்திய ஒலிகளைக் கோப்பது) ஒலிப்பதிவும் செய்திருக்கிறேன். வெளியூரிலிருந்து பாட்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதை யாருக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்கள்?" பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "சினிமாவில் யாருக்காவது" என்று வரும். அந்த "யாருக்காவது" என்ற ஒற்றைச் சொல்லில்தான் பணம் கரைகிறது.

டெமோவைப் பற்றிப் படிக்கக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே பாட்டு எழுதுகிறவர் ஒருவர், பாடிப் பெயர் வாங்குகிறவர் இன்னொருவர். எழுதியவரின் பாட்டைப் பதிப்பு நிறுவனம் எடுத்துக்கொண்டு பாடகர்களிடம் போய்க் காட்டும். காட்டுவதற்கான மாதிரிதான் டெமோ. அதற்கென்றே தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எண்களாக எழுதிய ஒரே ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் நாலைந்து பாட்டுகளை வாசித்து முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். டெமோ பாடுவதும் அங்கே ஒரு பிழைப்பு. 1991இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டுப் புகழ்பெற்ற டிரிஷா இயர்வுட், அதற்கு முன் அந்த ஊரில் டெமோ பாடிக்கொண்டிருந்தவர்.

கோடம்பாக்கத்து நடைமுறை இதற்குத் தலைகீழ். இயக்குநர் காட்சியைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், அந்த மெட்டின் தத்தகாரத்தை, அதாவது வார்த்தை இல்லாமல் "தன்னானே" என்று பாடிக் காட்டுவதைக் கேட்டுக் கவிஞர் வரி எழுதுவார். வரி முதலில் வந்து மெட்டு பின்னால் வருவதும் உண்டு, ஆனால் குறைவு. வெளியாள் ஒருவர் வரியும் மெட்டுமாக முழுதாக முடித்துக் கொண்டுவந்த பாட்டை வாங்கிக்கொள்வதற்கு அங்கே ஒரு நாற்காலியே போடப்படவில்லை. ஆகவே நாஷ்வில் அறிவுரையை நம்பி முழு வாத்தியத்தோடு டெமோ செய்து, அதை ஓர் இசையமைப்பாளருக்கு அனுப்பினால், ஒரு போட்டியாளரின் வேலையைத்தான் அவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் அதைக் கேட்டு என்ன செய்வார், சொல்லுங்கள்?

இனி உங்கள் பாட்டைக் கேட்கக்கூடியவர்கள் யார் என்று பார்ப்போம். பாடலாசிரியராக வாய்ப்புக் கேட்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஸ்டுடியோவே தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் மெட்டு ஒன்றுக்குச் சந்தம் பிசகாமல் வேறு சூழலுக்கு எழுதிய வரிகள், தட்டச்சு செய்த தாள், ஒரு நல்ல பாடகர் ஒற்றைக் கீபோர்டோடு பாடிய பதிவு, இவ்வளவு போதும். குறும்படமோ முதல் படமோ எடுக்கும் இளம் இயக்குநருக்கு இசையமைப்பாளராக அறிமுகமாக விரும்பினால், அவர் உங்கள் மெட்டோடு அரேஞ்சிங்கையும் சேர்த்துத்தான் எடைபோடுவார். அங்கே முழு வாத்தியம் வேண்டும், ஆனால் ஒரு பாட்டில் போதும். பக்திப் பாடல் வெளியிடும் நிறுவனங்கள், மேடைக் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழுக்கள், சொந்தமாகப் பாட்டு வெளியிடும் பாடகர்கள் ஆகியோர் மெட்டும் வரியும் சேர்ந்த பாட்டை ஓரளவு திறந்த மனத்தோடு கேட்பவர்கள். நான்காவது வழி, நீங்களே வெளியிடுவது. அப்படியானால் நீங்கள் செய்யப்போவது டெமோ அல்ல, மாஸ்டர், அதாவது வெளியிடுவதற்கான இறுதிப் பதிவு. செலவும் தரமும் வேறு கணக்கு.

உங்கள் பதினொன்றில் மூன்றை எடுங்கள். ஒன்றுக்கு மட்டும் முழு அரேஞ்சிங். மற்ற இரண்டுக்கும் கீபோர்டோ கிட்டாரோ ஒன்று, கூட ஒரு குரல், அவ்வளவுதான். மெட்டு நன்றாக இருந்தால் அந்த இரண்டிலும் அது தெரியும். தெரியாவிட்டால் வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து மூடினாலும் தெரியாது.

ஸ்டுடியோவுக்குப் போகும் முன் வீட்டில் முடிக்க வேண்டிய காரியங்களைச் சொல்கிறேன். அங்கே யோசிப்பதற்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம், இங்கே சும்மா யோசிக்கலாம்.

முதலாவது, வேகம். கைபேசியில் பாடும்போது பல்லவியை ஒரு வேகத்திலும் சரணத்தை இன்னொரு வேகத்திலும் பாடியிருப்பீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு நேரங்களில் பல்லவியைப் பாடி வேகத்தைக் குறித்து வையுங்கள். ஒரு நாள் நிமிடத்துக்கு 96 தட்டு வரும், ஒரு நாள் 88 வரும். உற்சாகமான நாளின் எண்ணை நம்பாதீர்கள். மூன்றில் நடுவில் நிற்கும் எண்ணில் முழுப் பாட்டையும் பாடிப் பாருங்கள். சரணத்தில் மூச்சு முட்டாமல் வரி முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

அடுத்தது கட்டை, அதாவது பாடும் சுருதி. வெளியூர்க்காரர்கள் அதிகம் பணம் இழப்பது இதில்தான். நீங்கள் ஆண். உங்கள் தொண்டைக்கு ஒரு கட்டையோ ஒன்றரையோ, அதாவது கீபோர்டில் சி அல்லது சி ஷார்ப், சுகமாக இருந்திருக்கும். அதே பாட்டைப் பெண் பாட வேண்டுமானால் ஐந்து, ஐந்தரைக் கட்டைக்குப் போக நேரலாம். சில வருடங்களுக்கு முன் டெல்டா பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் சுருதியிலேயே ரிதம், இடையிசை, லைவ் குழல் எல்லாம் முடித்தாகிவிட்டது. கடைசியில் பாடகி வந்தார். பல்லவி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாடினால் சரணத்தில் கத்த வேண்டியிருந்தது. கீபோர்டில் வாசித்ததையெல்லாம் ஒரு பொத்தானில் சுருதி மாற்றிவிடலாம், அதற்குச் செலவில்லை. ஆனால் மைக்கில் பதிந்த குழலை ஐந்து ஸ்வர ஸ்தானம் நகர்த்தினால் அது திருவிழாக் கடை ஊதல் போல ஆகிவிடுகிறது. குழல்காரர்கள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல் என்று பை நிறைய வைத்திருப்பார்கள். சுருதி மாறினால் குழல் மாறும், விரல் பிடிப்பும் கமகமும் மாறும். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, திரும்பச் சம்பளம் கொடுத்து, திரும்ப வாசிக்க வைத்தோம். வந்தவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மாலையில் டீ வாங்கி வரப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

எனவே பாடப்போகிறவர் யார் என்பது முடிவாகும் வரை ஒரு ஸ்வரம்கூடப் பதிய விடாதீர்கள். அவரை நேரில் பார்க்க முடியாவிட்டால், உங்கள் பதிவை அனுப்பி, பாட்டின் மிக உயர்ந்த வரியையும் மிகத் தாழ்ந்த வரியையும் மட்டும் இரண்டு மூன்று கட்டைகளில் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. உயரத்தில் குரல் மெலிந்துபோகாமலும் தாழ்வில் வார்த்தை கரைந்துபோகாமலும் எந்தக் கட்டையில் வருகிறதோ, அதுதான் பாட்டின் கட்டை.

மூன்றாவது காரியம் வரி. ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இது எளிது, ஆனால் மெட்டுக்குள் விழுந்த வார்த்தையை மெட்டுக்கு வெளியே நின்று பார்க்க எழுதியவரால் முடிவதில்லை. குறில் எழுத்தில் மெட்டு நீண்டால் பொருள் மாறிவிடும். ஒருவர் "மலை" என்று எழுதியிருந்தார். அந்த "ம" இரண்டு தட்டுக்கு இழுபட்டது. பாடகி பாடியது "மாலை". கேட்டவர்களில் பாதிப் பேர் சாயங்காலம் என்று நினைத்தார்கள், பாதிப் பேர் பூமாலை என்று. "விடு" வீடாகிவிடும், "மனம்" மானமாகிவிடும். நீளும் இடங்களில் எல்லாம் நெடிலோ, ஐகார ஈறோ, இழுத்தாலும் கெடாத ஒலியோ இருக்கிறதா என்று வரி வரியாகச் சரிபாருங்கள். சொற்களைப் பிரித்து மூச்சு வாங்கும் இடமும் அப்படித்தான். அர்த்தம் நிற்கும் இடத்தில் மூச்சு நிற்க வேண்டும்.

வரிகளைப் பெரிய எழுத்தில் நான்கு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பாடகர் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் கையால் ஒரு முறை எழுதிக்கொள்வார். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பழக்கம் அது. தாய்மொழி தெலுங்கோ மலையாளமோ என்றால் அந்த எழுத்திலேயே எழுதுவார். தமிழில் எழுத்து ஒன்றாக இருக்க, "பதம்" என்பதில் தகரம் ஒரு மாதிரியும் "தடம்" என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கும். தெலுங்கு எழுத்தில் இன்று ழகரத்துக்கு இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் பாடாமல், சாதாரணமாகப் பேசுவது போல வாசித்துக் காட்டுங்கள். பதிவின்போதும் ல, ள, ழ வரும் இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள். அரேஞ்சருக்கு அது கேட்காது. அவர் காது வேறு இடத்தில் இருக்கும்.

பாடகர் தேர்வைப் பற்றி இன்னும் ஒன்று. "எஸ்.பி.பி. மாதிரியே பாடுவார்" என்று யாரையாவது சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். கேட்பவர் உங்கள் பாட்டை விட்டுவிட்டு, எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளக்க ஆரம்பித்துவிடுவார். சங்கதிகளை, அதாவது மெட்டின் மேல் போடும் அலங்கார வளைவுகளை, அள்ளித் தெளிப்பவர்களும் டெமோவுக்கு ஆகாது, மெட்டின் எலும்பு தெரியாமல் போய்விடும். மெட்டை நேராகப் பாடுகிறவர், வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிறவர் போதும். மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். நல்ல டெமோ பாடகர் பாட்டுக்கு என்ன செய்வார் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. எல்விஸ் பிரெஸ்லிக்குப் பாட்டு எழுதிய ஓடிஸ் பிளாக்வெல் தன் டெமோக்களைத் தானே பாடினார். பிரெஸ்லி அந்த டெமோவின் பாடும் முறையையே ஒட்டிப் பாடியதாக இசை வரலாறு எழுதுகிறவர்கள் குறிப்பிடுவதுண்டு. உங்கள் குரல் சுமாராக இருந்தாலும், நீங்கள் பாடிய அந்தக் கைபேசிப் பதிவை அழித்துவிடாதீர்கள். பாடகருக்கு அதுதான் வழிகாட்டி.

வீட்டிலேயே பதிவு செய்யலாமா என்றால், மேலே சொன்ன அந்த இரண்டு எளிய பாட்டுகளுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஒரு கண்டென்சர் மைக், அதைக் கணினியோடு இணைத்து அதற்கு 48 வோல்ட் கொடுக்கக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவி, காதை மூடும் ஹெட்போன், ஒரு மடிக்கணினி. ரீப்பர் போன்ற விலை குறைந்த மென்பொருளே போதும். மைக்கைவிட அறைதான் முக்கியம். வெறும் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கும் ஹாலில் விலையுயர்ந்த மைக்கும் குளியலறை போலத்தான் கேட்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையைச் சாய்த்து வைத்தால் பாதிக் குறை தீரும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, இடையில் ஒரு பாப் ஃபில்டர் (காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலைத் தடுப்பு). மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். திண்டுக்கல் மே மாதத்தில் அது என்ன பாடு என்பது எனக்குப் புரிகிறது. அதனால் இரவு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், தெரு நாய்கள் அனுமதித்தால். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்து, மீட்டர் சிவப்பைத் தொடாமல் பதிந்து, அந்த வேவ் கோப்பை அப்படியே சென்னைக்கு அனுப்பலாம். மெருகேற்றும் விளைவுகள் எதையும் நீங்கள் போடாதீர்கள்.

சரி, அந்த 45,000. அரேஞ்சரிடம் தொகையைப் பிரித்துக் கேளுங்கள். புரோகிராமிங் எவ்வளவு, குழலுக்கு எவ்வளவு, பாடகருக்கு எவ்வளவு, ஸ்டுடியோ எத்தனை மணி நேரம், மிக்ஸிங் (எல்லா ஒலிகளையும் அளவாகக் கலப்பது), மாஸ்டரிங் (கடைசி மெருகு) இதில் உண்டா, எத்தனை முறை திருத்தம் செய்து தருவார். பிரித்துச் சொல்கிறவர் வேலை தெரிந்தவர். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்று மட்டும் சொல்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு இடையிசை எதற்கு என்றும் கேளுங்கள். கேட்கப்போகிறவர் காரில் போகும்போது கைபேசியில் கேட்பார். முன்னிசை நீண்டு பல்லவி தொடங்கவில்லை என்றால் அடுத்ததற்குத் தள்ளிவிடுவார். சின்ன முன்னிசை, பல்லவி, ஓர் இடையிசை, ஒரு சரணம், மீண்டும் பல்லவி. டெமோவுக்கு இதுவே அதிகம். இரண்டாவது சரணத்தை வரித் தாளில் படித்துக்கொள்ளட்டும். இதைச் சொன்னாலே தொகை இறங்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். தொடங்கும்போது ஒரு பங்கு, ரிதமும் கார்டுகளும் போட்ட கச்சா வடிவத்தைக் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகு ஒரு பங்கு, கோப்புகள் கைக்கு வந்தபின் கடைசிப் பங்கு. என் ஆரம்ப காலத்தில் ஒருவரிடம் முழுப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிட்டு, கடைசியில் ஓர் எம்.பி.3 கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதம் கழித்துக் குரலை மாற்ற வேண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். பாட்டும் போய்விட்டது. ஆகவே முழுப் பாட்டு, குரல் இல்லாத மைனஸ் டிராக், குரல் மட்டும், ரிதம், குழல் என ஒவ்வொன்றும் தனித்தனி வேவ் கோப்பாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்குங்கள். நாளைக்கு ஒரு பாடகர் பாட்டைக் கேட்டுவிட்டு, "நானே பாடிப் பார்க்கிறேன்" என்று சொன்னால் அந்த மைனஸ் டிராக்தான் உங்கள் கையில் இருக்க வேண்டிய பொருள்.

திருட்டைப் பற்றிய பயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, பாட்டு எழுதிப் பதிவான கணமே வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உங்களுடையது, அரசு அலுவலகத்தில் பதிவு செய்துதான் பெற வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சான்றுக்காகப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். வரி, இசை ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். பதிய விருப்பமில்லை என்றால், முதல் கைபேசிப் பதிவுகளைத் தேதியோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். வழக்கு என்று வந்தால் அது சாட்சியமாக மட்டும் உதவும்.

நான் பார்த்த சிக்கல்கள் பெரும்பாலும் வெளியாள் திருடியதால் வந்தவை அல்ல, உள்ளே இருந்தவர்களோடு பேசாமல் விட்டதால் வந்தவை. இடையிசையைப் புதிதாகப் புனைந்தவர் அரேஞ்சர், அந்த இசையில் அவர் உரிமை கேட்க இடமிருக்கிறது. ஒலிப்பதிவுக்குச் சட்டப்படி உரிமையாளர் அதன் தயாரிப்பாளர். காசு போட்டவர் நீங்கள் என்றாலும், யார் தயாரிப்பாளர் என்று காகிதம் இல்லாவிட்டால் வாக்குவாதம்தான். பாடகருக்கும் வாசித்தவருக்கும் கலைஞர் உரிமை தனியாக உண்டு. எனவே அரேஞ்சர், பாடகர், குழல்காரர் மூவரிடமும் ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள்: பாட்டின் பெயர், தேதி, வாங்கிய தொகை, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாடுகளில். கடைசி இரண்டும் விளையாட்டல்ல. உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்னாளில் ஒரு நிறுவனம் உங்கள் பாட்டை வாங்க வந்தால், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தை நினைவில் வையுங்கள். திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த வரிக்கும் இசைக்கும் ராயல்டியில் வரும் சமபங்கை, சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ (படைப்பாளிகளுக்காக ராயல்டி வசூலிக்கும் அமைப்பு) தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதற்கு மட்டும் இது பொருந்தாது. "ராயல்டி வேண்டாம்" என்று எழுதிய தாளை நீட்டினால், ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் பாட்டைப் பாட வைக்கலாமே என்று உங்கள் மாணவர்களே சொல்லியிருப்பார்கள். வேகம், வாத்தியச் சேர்க்கை இவற்றை உங்களுக்குள் முடிவு செய்யப் பயன்படுத்துங்கள், தவறில்லை. அதையே டெமோவாக அனுப்பும் முன் அந்தச் செயலியின் நிபந்தனைகளைப் படியுங்கள். இலவசக் கணக்கில் உருவாக்கியதை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்காதவை உண்டு.

கோப்பை அனுப்பும்போது "பைனல் நியூ 2" என்று பெயர் வைக்காதீர்கள். பாட்டின் முதல் வரி, உங்கள் பெயர், கட்டை, வேகம், கைபேசி எண், இவை கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு பாட்டு. மூன்றையும் சேர்த்து அனுப்பினால் எதையும் கேட்க மாட்டார்கள். போன மாதம் எனக்கு ஒருவர் பதினான்கு அனுப்பினார். நானே இன்னும் நாலாவதில்தான் இருக்கிறேன்.